அச்சில் வராத கடைசி வரிசை

பிப்ரவரி 4

அன்புள்ள மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். கோபமாக இருக்கிறவர்களுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

பயப்படாதே, இது சண்டைக் கடிதம் இல்லை. பிரிண்டர் கடிதம். இனிமேல் போனில் பேசுவதில்லை என்று நீ சொன்னாய், நானும் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். கடிதம் எழுதக் கூடாது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. ஆகையால் நான் சொன்ன சொல் தவறாதவன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் நாடக அரங்கத்து டிக்கெட் கவுண்டருக்கு ஒரு புரோகிராம் எழுதிப் போட்டுவிட்டுப் போனாயே, நாற்காலி ஒவ்வொன்றும் ஒரு குட்டி பட்டனாக, அழுத்தினால் பச்சை போய்ச் சிவப்பாகிறதே, அது ராஜா மாதிரி ஓடுகிறது. பத்தாவதை இரண்டு தவணையில் முடித்த நானே ஒரு கையால் டிக்கெட் விற்கிறேன், மறு கையால் டீ குடிக்கிறேன்.

தகராறு மின்மினியால் வந்தது. டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைக்கிற நம் மின்மினிதான். "அண்ணே, இருட்டுல ஒவ்வொருத்தர் டிக்கெட்டா வாங்கிப் பாத்துக்கிட்டு நின்னா மொதக் காட்சியே முடிஞ்சிடுது. எந்தெந்த சீட்டுக்கு ஆள் இருக்குன்னு ஒரு தாள்ல போட்டுக் குடுங்க, நான் சமாளிச்சுக்கறேன்" என்றான். நீ திரையில் 'அச்சிடு' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறாய், அதை இதுவரை யாரும் தொட்டதில்லை. தொட்டேன். வந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே பார்.

போட்டோ பிடித்த மாதிரி, திரையில் தெரிகிற ஜன்னல் முழுக்க வந்திருக்கிறது. மேலே பெயர்ப் பட்டை, ஓரத்தில் படத்தை மேலும் கீழும் உருட்டுகிற கம்பி, கீழே 'விற்றது', 'ரத்து', 'அச்சிடு' மூன்று பட்டனும். ஆனால் நாற்காலி வரிசை அ-வில் ஆரம்பித்து ஊ-வோடு நின்றுவிட்டது. எ முதல் ஓ வரைக்கும் காணோம். பாதி அரங்கத்தை யாரோ வழித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மின்மினி தாளை நம்புகிறவன். ஏ வரிசைக்கு டிக்கெட் வாங்கிய ஒரு பெரியவரை, "அப்படி ஒரு வரிசையே இல்லீங்க" என்று சொல்லி வாசல்வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு தாளில் இருக்கிற 'அச்சிடு' பட்டனைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையேண்ணே" என்றான். நன்றாகச் சிரித்து அனுப்பினேன். அவன் போன பிறகு நானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். இதை வெளியே சொல்லாதே.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை. பிரிண்டரைப் பற்றி மட்டும்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் கவுண்டர்


பிப்ரவரி 19

அப்பா,

தாள் கிடைத்தது. தவறு என்னுடையது, பிரிண்டருடையது இல்லை. இந்நேரம் அதை நாலு தட்டு தட்டியிருப்பீர்கள். போதும்.

கம்ப்யூட்டர் தாளில் தனியாக எதையும் யோசித்து வரைவதில்லை. திரையில் ஜன்னலை எப்படி வரைகிறதோ அப்படியேதான் தாளிலும் வரைகிறது. நான் வெளிச் சட்டத்தை வரையச் சொல்லியிருந்தேன். நீங்கள் அழுத்துகிற நேரத்தில் சட்டத்துக்குள் எந்த வரிசை தெரிகிறதோ அதுதான் வரும். உருட்டிப் பார்த்தால் மட்டும் தெரிகிற பின் வரிசைகள் உள்ளேதான் இருக்கின்றன. தெரியாததை அது வரையாது, அவ்வளவுதான்.

இப்போது சட்டத்தை விட்டுவிட்டு, உள்ளே எல்லா நாற்காலியும் இருக்கிற பலகையை முழுதாக வரையச் சொல்லிவிட்டேன். பட்டன்களும் வராது. மின்மினி அண்ணன் விரல் பத்திரம். உங்கள் விரலும்.

புது புரோகிராம் இந்த பென் டிரைவில் இருக்கிறது. மூடியை நூலால் கட்டியிருக்கிறேன். நீங்கள் தொலைக்காத மூடி ஒன்றுகூட உலகத்தில் கிடையாது.

அன்றைக்குப் போனில் நான் சொன்ன எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அது வேறு, இது வேறு.

சாப்பிடுகிறேன்.

மகள்


மார்ச் 8

அன்புள்ள மகளுக்கு,

பென் டிரைவ் வந்தது. மூடியும் நூலும் கவுண்டரில் பத்திரமாக இருக்கின்றன. பென் டிரைவைத்தான் ஒரு நாள் முழுக்கத் தேடினேன்.

இந்தத் தடவை எல்லா வரிசையும் வந்துவிட்டது, சந்தோஷம். ஆனால் ஒரு தாளில் வரவில்லை, நாலு தாளில் வந்தது. முதல் தாளில் இடது பக்கத்து முன் வரிசைகள், இரண்டாவதில் வலது பக்கத்து முன் வரிசைகள், பின்னால் இருக்கிறவர்களுக்கு இதே போல இன்னும் இரண்டு. பசை போட்டு ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது படுக்கை விரிப்பு அளவுக்கு இருந்தது. நேற்றைய நாடகத்தில் கதாநாயகி அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிற இடம், அரங்கமே மூச்சு விடாமல் இருக்கிறது, அப்போது பார்த்து மின்மினி தாளை விரித்தான். சரசரவென்று கூரை பிய்கிற மாதிரி சத்தம். அந்தப் பெண் மேடையில் நின்றபடியே அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கப்புறம் அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

இன்னொன்று. நம் பிரிண்டருக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும். விற்ற சிவப்பும் சாம்பல், விற்காத பச்சையும் சாம்பல். மின்மினி ஒரு அம்மாளை ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருந்த சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறான். அவர் இருட்டில் உட்கார்ந்தும்விட்டார். மடியில்.

கடைசி வரிசையில், வெளியே போகிற கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரியுமே, அங்கே போய் நின்றால்தான் தாளைப் படிக்க முடிகிறது. உன் அம்மா போன பிறகு வீட்டில் உன்னை விட்டுவர ஆள் இல்லாமல் தினமும் கூட்டிக்கொண்டு வருவேனே, நீ வீட்டுப்பாடம் எழுதிய அதே இடம். கணக்கு நோட்டெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்று அழுவாய்.

"என்னைவிட அந்தக் காலி நாற்காலிங்கதான் உங்களுக்கு முக்கியம்" என்று போனில் சொன்னாய். வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இரு என்று நீ கேட்டதற்கு நான் மழுப்பினேன் என்று கோபம். மழுப்பவில்லை அம்மா. அங்கே வந்து நான் என்ன செய்வேன்? நீ வேலைக்குப் போன பிறகு ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களுக்கு டிக்கெட் கிழிக்கவா?

மற்றபடி, நாற்காலிகளைத் திட்டாதே. நீ அனுப்பியதில் ஏ வரிசையில் நடுவில் இருக்கிற ஒன்று, பாதி ஒரு தாளிலும் பாதி இன்னொரு தாளிலும் வந்திருக்கிறது. ஏற்கெனவே நொந்து போயிருக்கின்றன.

இப்படிக்கு,
பசையும் கையுமாக
அப்பா


மார்ச் 24

அப்பா,

மடியில் உட்கார்ந்த அம்மாளைப் படித்துவிட்டு ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டார். விளக்க ஆரம்பித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அவருக்கு மின்மினி அண்ணனைத் தெரியாது, உங்களையும் தெரியாது.

பலகை பெரிது, தாள் சின்னது. எவ்வளவு சுருக்கினால் தாளுக்குள் அடங்கும் என்று முதலில் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குச் சுருக்கி வரையச் சொல்லிவிட்டேன். இனி ஒரே தாள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும், மின்மினி அண்ணன் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அழகு குறையும் என்று மறுப்பார், விடாதீர்கள். திரையில் சிவப்பு பச்சை அப்படியே இருக்கும். தாளில் மட்டும் விற்ற நாற்காலிக்குப் பெருக்கல் குறி விழும்.

இதையெல்லாம் முதலிலேயே யோசித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள்.

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. மேஜையில் கம்ப்யூட்டர் இருப்பதால் ஜன்னல் திட்டில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். வீட்டில் ஒரு நாற்காலிதான், அதிலும் துணி மடித்து வைத்திருக்கும். இதைப் படித்துவிட்டுக் கவலைப்படாதீர்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் பேச ஆள் இல்லை. நின்றால் தெருவையாவது பார்க்கலாம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு வேறு நாட்களில் எடுத்த தாள் இரண்டு மூன்றை அனுப்புங்கள்.

மகள்


ஏப்ரல் 10

கண்ணு,

வந்துவிட்டது! ஒரே தாள், எல்லா வரிசையும், முழு நாற்காலி, சுத்தமான பெருக்கல் குறி. மின்மினி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போலீஸ் அதிகாரி மாதிரி நடக்கிறான். கண்ணாடியும் வாங்கிவிட்டான். அவன் மாமியார், "இப்பதான் மாப்ள படிச்சவர் மாதிரி இருக்கார்" என்றாராம். அன்றிலிருந்து கழற்றுவதில்லை.

நீ கேட்டபடி மூன்று தாள் வைத்திருக்கிறேன். ஒன்று அரங்கம் நிறைந்த நாள். ஒன்று சுமாரான நாள். மூன்றாவது மழை கொட்டிய நாள். அன்றைக்கு மேடையில் இருந்தவர்கள் அதிகம், கீழே இருந்தவர்கள் குறைவு. வந்தவர்கள் எல்லோரும் முன் வரிசையிலேயே நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள், குளிருக்கு. கூட்டம் இல்லாததால் நடிகர்கள் அவர்களைப் பார்த்தே பேசினார்கள். ஒருவர் பதிலே சொல்லிவிட்டார்.

நீ ஒரு கோளாறைச் சரி செய்தால் அடுத்த கோளாறு கிளம்புகிறது, அதற்கு ஒரு கடிதம், அதற்கு ஒரு பதில். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கிறாய். குறை சொல்லவில்லை. எனக்கு மருந்து பிடித்திருக்கிறது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதைக் கேட்டு எழுதுவது என்றுதான் யோசனையாக இருக்கிறது. பிரிண்டரில் மை தீர்ந்தால் சொல்கிறேன்.

இன்னொரு செய்தி. முதலாளியம்மா ஜூலையிலிருந்து அரங்கத்தை மூடப் போகிறார். பயப்படாதே, ஒரேயடியாக இல்லை. கூரையைச் சரி பார்த்து, நாற்காலிகளை எல்லாம் மாற்றிவிட்டுத் திறப்பார்களாம். அதுவரைக்கும் எங்களுக்கு விடுமுறை. "ஊரு ஒலகத்தச் சுத்திப் பாத்துட்டு வாங்களேன்" என்றார். ஊரையே இன்னும் முழுசாகப் பார்க்கவில்லை, உலகத்துக்கு எங்கே போவது என்றேன்.

உன் அறை ஜன்னலைத் தினமும் திறந்து மூடுகிறேன். திறக்காமல் விட்டால் மரம் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான்.

அப்பா


ஏப்ரல் 26

அப்பா,

மூன்று தாளையும் பார்த்தேன். புரோகிராமில் இன்னும் ஒரு கோளாறு இருக்கிறது. இது நான் விட்டு வைத்தது இல்லை, நிஜமாகவே கோளாறு.

மழை பெய்த நாள் தாளைப் பாருங்கள். எல்லோரும் முன் வரிசையில் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முன் வரிசையில் குறிகள் சரியாக இருக்கின்றன. ஆனால் கடைசி வரிசையில் ஓ-1-க்கும் ஒரு குறி விழுந்திருக்கிறது. தன்னந்தனியாக. சுமாரான நாள் தாளிலும் ஓ வரிசையே காலி, ஓ-1 மட்டும் விற்றிருக்கிறது. நிறைந்த நாளிலும் அதற்குக் குறி உண்டு, அது இயல்பு.

இரண்டு நாள் விடுமுறை முழுக்க இதைத் தேடினேன். வரிசையின் முதல் நாற்காலி என்பதால் எண்ணிக்கையில் எங்காவது தடுக்கியிருப்பேன் என்று நினைத்தேன். இல்லை. என் கம்ப்யூட்டரில் இதே புரோகிராமை ஓட்டி, இங்கேயே அச்சடித்தேன். ஓ-1 சுத்தமாக வருகிறது. ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரும் உட்கார்ந்து பார்த்தார். "உங்க அப்பா விரல் பட்டிருக்கும்" என்றார். மூன்று நாளும் அதே நாற்காலியிலா?

பழைய தாள்களில் இது தெரியவில்லை. முதல் தாளில் அந்த வரிசையே வரவில்லை, அடுத்ததில் எல்லாமே சாம்பல். ஆகையால் ஆரம்பத்திலிருந்தே இருக்கிற கோளாறாகவும் இருக்கலாம்.

தயவுசெய்து கவனித்துச் சொல்லுங்கள். புரோகிராமைத் திறக்கும்போதே ஓ-1 சிவப்பாக இருக்கிறதா, இல்லை நீங்கள் விற்க ஆரம்பித்த பிறகு சிவப்பாகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மகள்


மே 9

கண்ணு,

திறக்கும்போது பச்சையாகத்தான் இருக்கிறது. கோளாறு எதுவும் இல்லை. உன் விடுமுறையைப் பாழாக்கிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் கெட்டிக்காரர். விரல்தான்.

ஓ-1-க்கு வாடிக்கை ஆள் உண்டு. வேலை பார்க்கிற எங்களுக்கு ஆட்டத்துக்கு ஒரு இலவச சீட்டு கொடுப்பார்கள் என்பது உனக்கே தெரியும். மின்மினி மாமியாரை உட்கார வைப்பான், விளக்குக்காரர் யாரையாவது உட்கார வைப்பார். என்னுடையதை நான் ஓ-1-ல் போடுகிறேன். கவுண்டரைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். அதை அழுத்திவிட்டுத்தான் டீயே.

அரங்கம் நிறைந்த நாள் என்று ஒரு தாள் அனுப்பினேனே, அன்றைக்கு ஒரு ஆள் கவுண்டர் ஓட்டைக்குள் தலையையே விட்டுவிட்டார். உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஹவுஸ் ஃபுல்லுங்கறீங்க, பின்னாடி கதவுகிட்ட ஒரு சீட்டு சும்மாதான கெடக்கு?"

"அதுக்கு ஆள் வராங்க சார்."

"நாடகம் பாதி முடிஞ்சிருச்சு. இனிமேவா வரப்போறாங்க?"

"தூரத்துலேர்ந்து வரணும் சார். நேரமாகும்."

"எவ்வளவு தூரமுங்க?"

சில்லறையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் இடைவேளை முடிகிறவரைக்கும் அங்கேயே நின்று முணுமுணுத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் உனக்குப் பிடிக்காது, சண்டைக்கே போவாய். உன் அப்பன் அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறான்.

போனில் நீ அந்தக் காலி நாற்காலிப் பேச்சை எடுத்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் வாதத்தில் ஜெயிப்பதற்காகச் சொன்ன மாதிரி ஆகிவிடும். உன்னிடம் ஜெயித்து நான் என்ன செய்யப் போகிறேன்?

ஆகையால் ஓ-1-ஐச் சரி செய்யாதே. அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

அப்பா


மே 24

அப்பா,

உங்கள் கடிதத்தை மாடிப்படியிலேயே பிரித்தேன். மேலே ஏற நேரமாகிவிட்டது.

நானும் அதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். எத்தனை நாற்காலி காலி, எது காலியில்லை என்று. கேட்காமல் வைத்துவிட்டேன்.

இரண்டு வேலைகள் செய்திருக்கிறேன். ஒன்று, புரோகிராமில் ஓ-1 இனி திறக்கும்போதே சிவப்பாக வரும். நீங்கள் டீயை முதலில் குடிக்கலாம். இரண்டு, பழைய நாற்காலிகளைக் கழற்றும்போது ஓ-1-ன் எண் தகட்டை எனக்கு எடுத்து வைக்கும்படி முதலாளியம்மாவிடம் கேளுங்கள். திருகாணி ஒன்று லூசாக இருக்கும். கணக்கு வராதபோதெல்லாம் அதைத்தான் திருகிக்கொண்டிருப்பேன்.

இப்போது கேட்கிறேன். போன தடவை கேட்ட மாதிரி இல்லை. வேலையை விடுங்கள், வீட்டைப் பூட்டுங்கள், இங்கேயே வந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. அரங்கம் மூடியிருக்கிற வரைக்கும் வாருங்கள். திறக்கும்போது போய்விடுங்கள். உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன். கவுண்டர் மறுபடி திறக்கிற அன்று நீங்கள் அங்கே இல்லாவிட்டால் எனக்கே பொறுக்காது.

இங்கே நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். நான் சாயங்காலம் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அது ஒரு வேலையா என்று தெரியவில்லை.

மகள்


ஜூன் 6

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே சரி என்று எழுத உட்கார்ந்தேன். எழுதியிருந்தால் இந்தக் கடிதம் ஒரு வரியில் முடிந்திருக்கும். என் கை அப்படிப்பட்டது இல்லை.

முதல் பயம், விமானம். மின்மினியிடம் சொன்னேன். "அதுலயும் சீட்டு நம்பரு இருக்கும்ணே, டார்ச் அடிச்சு உட்கார வைக்க பொண்ணுங்க இருப்பாங்க, பயப்படாதீங்க" என்றான். அவனும் போனதில்லை. இரண்டாவது பயம், உன் ஆபீஸ் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் நான் எந்தப் பக்கம் நிற்பது? எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷை எல்லாம் நீ இங்கே இருந்தபோது கம்ப்யூட்டரைத் திட்டியதில் கற்றுக்கொண்டது. மூன்றாவது பயத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். அங்கே வந்து உன்னோடு இருந்துவிட்டு, மறுபடி தனியாகத் திரும்பி வர வேண்டும். ஒரு தடவை உன்னை வழியனுப்பிவிட்டு நடந்து வந்தது போதும் என்று இருக்கிறது. அன்றைக்கு எந்த பஸ்ஸில் ஏறினேன் என்றே தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் எழுப்பி இறக்கிவிட்டார், நான் தூங்கவே இல்லை.

முதலாளியம்மாவிடம் தகட்டைக் கேட்டேன். அவர் நாற்காலியையே இப்போதே கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். இப்போது உன் அறையில், ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. தரையோடு பிணைக்காததால் உட்கார்ந்தால் பின்னால் சாய்கிறது. உட்கார்ந்து பார்த்துத்தான் சொல்கிறேன். முதுகு சொல்கிறது.

இதையெல்லாம் தாண்டி ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. உன் வீட்டில் ஒரு நாற்காலிதான், அதிலும் துணி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படியானால் நான் எங்கே உட்காருவது? இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு இடம் போட்டுக் கொடுத்தவன், இடம் தெரியாமல் நான் எங்கேயும் போக மாட்டேன். இருக்கைப் படம் ஒன்று போட்டு அனுப்பு. ஜன்னல் ஓரமாக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

அப்பா


ஜூன் 20

அப்பா,

நீங்கள் கேட்ட இருக்கைப் படம் இத்துடன் இருக்கிறது. இதற்கென்று ஒரு புது ஜன்னல் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிகச் சின்ன புரோகிராம் இதுதான்.

புது நாற்காலியை நானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். கால்களை நானேதான் முடுக்கினேன். கொஞ்சம் ஆடும். நீங்கள் வந்து சரி செய்யுங்கள், அதையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

அச்சு வெளிச் சட்டத்தோடு வந்திருக்கிறதே, பழைய கோளாறு திரும்பிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். இந்தத் தடவை வேண்டுமென்றே செய்தேன்.

மூன்றாவது பயத்துக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. எனக்கும் அதே பயம்தான். நீங்கள் போகும்போது நானும் எந்த பஸ் என்று தெரியாமல் ஏறுவேன். இருந்தாலும் வாருங்கள்.

மகள்


ஜூலை 3

கண்ணு,

படம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

மேலே பெயர்ப் பட்டையில் 'வீடு' என்று போட்டிருக்கிறாய். நடுவில் ஒரு மேஜை. இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஜன்னலை ஒட்டி இன்னொன்று. ஜன்னல் பக்கத்து நாற்காலியில் பெருக்கல் குறி. விற்றாகிவிட்டது. யாருக்கு என்று கேட்க நான் என்ன முட்டாளா? முட்டாள்தான், இருந்தாலும் கேட்கவில்லை. மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. அதை எங்கே வைத்தாய்?

உருட்டுகிற கம்பியைத் தேடினேன். அது கிடையாது. எல்லாமே தெரிகிறது.

கீழே, வழக்கமாக 'அச்சிடு' இருக்கிற இடத்தில், ஒரே ஒரு பட்டன். 'வாங்கப்பா.'

கவுண்டரைப் பூட்டப் போனபோது மின்மினியிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். கட்டை விரலால் அழுத்தினான். "ஒண்ணும் நடக்கலண்ணே" என்றான். ஆனால் இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. தாளை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து நானும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் இன்று காலை நானே போய் விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். கவுண்டர் ஓட்டைக்கு இந்தப் பக்கம் நிற்பது இதுதான் முதல் தடவை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. உள்ளே இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். பச்சையும் சிவப்பும், குட்டிக் குட்டி பட்டன்கள். "எந்த சீட்டு வேணும், நீங்களே சொல்லுங்க" என்றாள். கடைசி வரிசை, ஓரம் என்றேன். அவள் அழுத்தினாள். பச்சை போய்ச் சிவப்பானது.

பதினெட்டாம் தேதி வருகிறேன். அதுவரைக்கும் அந்த ஜன்னல் ஓரத்து நாற்காலியில் துணி மடித்து வைக்காதே. யாராவது வந்து சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

அப்பா